தெரிந்திருந்தால் மம்மியைக் கட்டியிருப்பீர்களா?

ஜெனி,

போன ஞாயிறு மத்தியானம் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவியது உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆராதனை முடிந்து வந்து, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்து, அம்மா காது மெஷினுக்கு பேட்டரி மாற்ற உள்ளே போன சமயம் பார்த்துக் கேட்டாய். "டாடி, நிஜம் செப்பு. மம்மிக்கு இந்த வியாதி இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, நீங்க மம்மியைக் கட்டியிருப்பீங்களா?" உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரையாவது நெருக்கும்போது மட்டும் உனக்குத் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். நான் என்ன செய்தேன்? "மட்டன் கொஞ்சம் முத்தல், இல்ல?" என்றேன். நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் உன் ஃப்ளாட்டுக்குப் போக கேப் வந்து நின்றபோது, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சனிக்கிழமை பிரவீன் வீட்டுல இருந்து வர வேண்டாம்னு சொல்லிடவா டாடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை. பிரவீன் நல்ல பையன். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. உன் பரிசோதனை முடிவு உட்பட எல்லாவற்றையும் அவனிடம் நீயே சொல்லிவிட்டாய், அவனும் சரி என்றுவிட்டான். திருப்பூரிலிருந்து அவன் அப்பா அம்மா தேதி குறிக்க வருகிறார்கள். இவ்வளவும் ஆன பிறகு, இன்றைக்குச் சரி என்பவன் பத்து வருஷம் கழித்தும் சரி என்பானா என்ற பயத்தில் நீ இதை நிறுத்தப் பார்க்கிறாய். அந்தப் பயத்துக்கு விடை தெரிந்த ஆள், இந்த வியாதியோடு குடித்தனம் நடத்திய ஆண்பிள்ளை, உனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதனால்தான் என்னைக் கேட்டாய். மட்டனைப் பற்றிப் பேசியதற்கு மன்னித்துக்கொள். ஃபேக்டரியில் பவர் சப்ளைகளை டெஸ்ட் செய்த காலத்திலிருந்தே நான் இப்படித்தான். ஒரு பெட்டியை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். உன் கேள்வியை நான்கு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன். இனி சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

உன் அம்மாவை நான் முதலில் பார்த்தது மாரெட்பள்ளியில், அவர்கள் வீட்டு முன்னறையில். நான் நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் செகந்திராபாத்தில் வேரூன்றிய குடும்பம். அவள் காபி தட்டை நீட்டிக்கொண்டே, "ஊரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். ஊர்க்காரன் மாதிரி பதில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று, ஆமாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஹைதராபாத் வார்த்தையை எடுத்துவிட்டேன்: "ஹவ்." அறை முழுக்கச் சிரித்தது. அவள் சிரித்த சிரிப்பில் காபி தட்டுக்கு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னேன். வேறு எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்போது மாடிப்படி ஏறினால் கால் வலிக்கும், அவ்வளவுதான். "சோம்பேறிப் பிள்ளை" என்று அவள் வீட்டில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது மங்கியது. சர்ச் கொயரில் ஆல்டோ பாடிக்கொண்டிருந்தவள், சுதி விலகிப் பாடுகிறாள் என்று பின் வரிசைக்குப் போனாள். அதையும் நாங்கள் வயசுக்கோளாறு என்று எடுத்துக்கொண்டோம். முப்பத்தைந்து வயதில் என்ன வயசுக்கோளாறு என்று நீ கேட்பாய். கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு பெரிய வெள்ளி. உனக்கு ஞாபகம் இருக்கும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், மூன்று மணி நேர ஆராதனை. முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தி, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவள், ஐந்தாம் வார்த்தை பிரசங்கத்தின்போது என் தோளைத் தட்டி, "பாட்டு நம்பர் பலகையில நாப்பத்திரெண்டுன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள். பலகையில் நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. இடது பக்கத்து ஒன்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் சரியாயிற்று. அடுத்த வருஷம் லெந்து உபவாச நாட்களில் மறுபடியும் அதே கதை. அதற்கடுத்து, காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த ஒரு வாரத்தில் வலிப்பு வந்து, ஸ்கேன் எடுத்து, மூளையில் பக்கவாதம் என்றார்கள். இந்த வயதில் பக்கவாதமா என்று கேட்டதற்கு, இந்தக் காலத்தில் யாருக்கும் வரலாம் என்றார்கள்.

இனி நம் சனங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். நம்மைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். சபையில் அத்தனை பேரும் உன் அம்மாமேல் உயிரை வைத்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து அவளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். ஊரே எனக்காகப் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் சாப்பிடுவதா என்று, அவள் எல்லோரையும்விடக் கண்டிப்பாக உபவாசம் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுத்துவிடுவாள். சோதனை பலமாக இருக்கிறது, ஜெபத்தையும் பலப்படுத்த வேண்டும் என்று புதன்கிழமையையும் சேர்த்தார்கள். அவள் இன்னும் மோசமானாள். அந்தச் சங்கிலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிறது. யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அன்பாகத்தான் செய்தார்கள், நானும்தான் கூட உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்து வைத்திருந்தது நீ ஒருத்திதான். இன்டர் முதல் வருஷம், எங்கள் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன், பயாலஜி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை காலேஜிலிருந்து சீக்கிரம் வந்தவள், அம்மா ஜெபத்தில் ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தை போட்டுக் குழறுவதைக் கேட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாய். எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது, ஒரு டம்ளர் டீயும் ஒஸ்மானியா பிஸ்கட்டும் கொண்டுவந்து அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் முக்கி அவள் வாயில் வைத்தாய். எனக்கு மானம் போயிற்று. "ஏட்டி, என்ன செய்யுத? உபவாசம் நடக்குது தெரியலியா?" என்று பல்லைக் கடித்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நக்கோ டாடி, தடுக்காதீங்க. மம்மி சாப்பிடாம இருந்தாத்தான் இப்படி ஆகுது. ஒவ்வொரு வாட்டியும். யாரும் பாக்க மாட்டேங்கிறீங்க" என்று சத்தமாகவே சொன்னாய். ஜெபம் நின்றுவிட்டது. நம் போதகர் கண்ணைத் திறந்து உன்னையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். பெரிய திட்டு விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் "ஆமென்" என்று முடித்துவிட்டு, "பாப்பா, எல்லாருக்கும் டீ போட முடியுமா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்காக இன்றைக்கும் நான் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

அதன் பிறகுதான் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ கேட்டார். அம்மா என் வாயைப் பார்த்தாள், நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு தடவை இப்படி நடந்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவங்களுக்குக் காது எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார். தலைவலியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் காதை எதற்கு விசாரிக்கிறார் என்று எனக்கு எரிச்சல். பிறகு கால் வலி, களைப்பு, எப்போதெல்லாம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதெல்லாம் என்பதற்கு நீதான் பதில் சொன்னாய். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் அந்தக் குழாய் பாயும் இடத்தில்தான் படியும், இது அந்த எல்லைக்கு அடங்காமல் பரவியிருக்கிறது என்று காட்டினார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனைக்குப் போயிற்று. வந்த பதில் மைட்டோகாண்ட்ரியா. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்காக நெட்டுருப் போட்ட சொல், என் வீட்டு நடுவில் வந்து உட்கார்ந்தது.

உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் புரிந்துகொண்டதை ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்து. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இவை கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. நாம் சாப்பிடுவதையும் மூச்சில் இழுப்பதையும் செல்லுக்கு வேண்டிய சக்தியாக மாற்றுவது இவைதான். மூளை எடையில் சின்னதுதான், ஆனால் பகாசுரன் மாதிரி சக்தியைத் தின்னும். சேர்த்து வைத்துக்கொள்ளவும் அதற்குப் பெரிதாக வழியில்லை, அவ்வப்போது வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் முன்பெல்லாம் கோடைக்காலத்தில் லோ வோல்டேஜ் வருமே, அப்போது ஜீரோ வாட் பல்ப் பாட்டுக்கு எரியும், ஃப்ரிட்ஜ்தான் முதலில் முனகி நிற்கும். அதே கணக்குதான். சப்ளை இறங்கினால் அதிகம் கேட்கிற மூளையும் கண்ணும் காதும் தசையும்தான் முதலில் தடுமாறும். உன் அம்மாவுக்கு இந்தச் சப்ளையே பலவீனம். அதில் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆயுசு முழுக்கப் பவர் சப்ளை டெஸ்ட் செய்த மனுஷன் வீட்டில் இப்படி ஒரு வியாதி வந்து, அதையும் பிஸ்கட்டும் கையுமாக ஒரு பதினாறு வயசுப் பெண் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஃபேக்டரி நண்பர்கள் இன்றைக்கும் என்னை விடுவதில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது தாயின் கருமுட்டை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும், தகப்பன் வழியாகப் போகாது. எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்குக் கையளவு, ஒரு பிள்ளைக்குக் கூடையளவு. அதைக் கேட்டதும் அம்மா தன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தாள். வரும்போது ஆட்டோவில், டாக்டரம்மா சொல்லி அப்போதுதான் வாங்கியிருந்த காது மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நாந்தான் குடுத்துட்டேன், எம்பிள்ளைக்கு நாந்தான் குடுத்துட்டேன்" என்று அழுதாள். நாம் என்ன சொன்னாலும் காதில் விழக்கூடாது என்றுதான் கழற்றினாள். நீ அந்த மெஷினை எடுத்து, நீயே அவள் காதில் மாட்டிவிட்டு, "மம்மி, இந்த மூக்கையும் நீதான் குடுத்தே. அதுக்கு முதல்ல ஸாரி சொல்லு" என்றாய். தார்நாகா சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் காபியைக் கொட்டிய சிரிப்பு அதுதான். பல மாதமாகக் காணாமல் போயிருந்ததை நீ மீட்டுக் கொடுத்தாய். உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. பெற்ற மகளிடம் என்ன நன்றி என்று இருந்துவிட்டேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன்: நன்றி, ஜெனி. உன் அம்மா இன்றைக்கு உயிரோடு என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது உன்னால்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை சுகமாகவே போயிற்று என்று சொல்ல மாட்டேன். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, தாங்கிப் பிடிக்கத்தான் மருந்து. நீ பெங்களூரில் படித்த வருஷம் வந்த அந்தப் பெரிய தாக்குதலை உன்னிடம் நாங்கள் பாதிதான் சொன்னோம். பல வாரம் அவளுக்கு வார்த்தையே வரவில்லை. டம்ளரும் "அது", சர்ச்சும் "அது", நானும் "அது". கோபத்தில் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, பிறகு தானே துடைத்துக்கொண்டு தேம்பினாள். நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அழுதேன். இதெல்லாம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பிறகு ஒரு காலையில், நான் இட்லிக்கு அரைத்து வைத்த சட்னியை வாயில் வைத்துவிட்டு, "ஏங்க, இதுல உப்பே இல்ல" என்றாள். முழு வாக்கியம்! அதைவிடப் பெரிய நற்செய்தியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. உப்பில்லாத சட்னியை அன்றைக்கு நான் அத்தனையும் தின்றேன்.

எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். கேஸ் பற்றவைக்கத் தெரியாத ஆள் நான். இன்றைக்கு என் ரவை உப்புமாவுக்கு மாதர் சங்கத்தில் பெயர் இருக்கிறது. அவள் நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதால், அவளோடு உட்கார்ந்து நானும் சாப்பிடப் பழகினேன். அதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. டாக்டரம்மா அவளை அளவாக நடக்கச் சொன்னார். உடம்பை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன எந்திரங்கள் கொஞ்சம் பெருகும், தேறும் என்றார். காலனி பார்க்கில் சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கிறோம். அவள்தான் முன்னால் போகிறாள், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பெரிய வெள்ளி ஆராதனைக்கு வாழைப்பழமும் தண்ணீரும் வைத்த டப்பாவோடு வருகிறாள். மூன்றாம் வார்த்தைக்கும் நான்காம் வார்த்தைக்கும் நடுவில், பாட்டு ஏறும்போது, சாவகாசமாக உரித்துச் சாப்பிடுகிறாள். முதல் வருஷம் திரும்பிப் பார்த்தவர்கள் இப்போது, "சாப்பிட்டாச்சா?" என்று சைகையில் கேட்கிறார்கள்.

டாக்டரம்மாவின் வெயிட்டிங் ஹாலில் என் பழைய சகாக்களைப் பார்க்கிறேன். ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்கு வீட்டு வழியே மறந்துவிடுகிறது. இந்த நடுக்க வியாதியிலும் மறதி வியாதியிலும்கூட மூளைச் செல்களின் இந்தச் சக்தி எந்திரங்கள் தளர்ந்துபோயிருப்பதைப் பார்க்கிறார்களாம். அதுதான் காரணமா, வியாதியின் விளைவா என்று இன்னும் அடித்துச் சொல்லவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்றார் அவர். எனக்கே இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வருவதில்லை. உனக்கு இருப்பது தனி வியாதி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. உன் பரிசோதனையில் அளவு குறைவு என்று வந்தது, அதுவும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று உனக்கே தெரியும். ஆனால் வாரண்டி கார்டோடு கல்யாணப் பந்தலுக்கு வந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பிரவீனுக்கும் ஒரு மூளை இருக்கிறது, அதற்கும் யாரும் பொறுப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

நடுவில் அப்பன் வேலையையும் செய்துவிடுகிறேன். சாப்பாட்டைத் தவறவிடாதே. ஆபீஸில் எல்லோரும் ஏதோ பதினாறு மணி நேரம் பட்டினி இருக்கிறார்களாமே, கல்யாணப் புடவைக்காக நீயும் அதில் சேர்ந்தாய் என்று தெரிந்தால், டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு உன் ஆபீஸுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். காய்ச்சல், வாந்தி என்றால் வீட்டில் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், இதை முதலில் சொல். வலிப்புக்குக் கொடுக்கிற ஒரு மருந்து உட்பட, சிலது நமக்கு ஆகாது. குழந்தை விஷயம் உன்னுடையது, பிரவீனுடையது. முன்கூட்டிப் பார்க்கச் சில வழிகள் உண்டு, வேறு ஒருவரின் கருமுட்டை வழி உண்டு, தத்து உண்டு, இரண்டு பேர் மட்டும் நிம்மதியாக இருப்பதும் உண்டு. பேரப்பிள்ளை ஆசை எனக்கு இல்லை என்றால் பொய். அது என் ஆசை, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். தெரிந்திருந்தால் உன் அம்மாவைக் கட்டியிருப்பேனா? மாட்டேன், ஜெனி. உண்மையைச் சொல் என்று கேட்டாய், இதுதான் உண்மை. அந்த வயதில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு முன்னால் ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போய், அவள் கண்ணாடியின் பவர் அதிகம் என்று வேண்டாம் என்றவன் நான். கண்ணாடிக்கே ஓடியவன் இதற்கு நின்றிருப்பேனா? காது போகும், வலிப்பு வரும், ஒரு நாள் புருஷன் பெயரே அவளுக்கு வராது என்று யாராவது அந்த முன்னறையில் என்னிடம் சொல்லியிருந்தால், காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறோம்" என்று மரியாதையாகக் கிளம்பியிருப்பேன். அந்தச் சிரிப்பும், நீயும், உப்பில்லாத சட்னியும், பார்க்கில் எனக்கு முன்னால் போகிற அந்த நடையும், எதுவுமே எனக்குக் கிடைத்திருக்காது. எனக்குத் தெரியாமல் இருந்ததற்காக நான் தினமும் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறேன். நான் தைரியசாலி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு. மாட்டிக்கொண்ட பிறகு நேசித்தவன் நான். மாட்டிக்கொண்டதுதான் என் பாக்கியம்.

இதைக் கேட்டு, அப்படியென்றால் பிரவீனும் ஓடத்தான் போகிறான் என்று நீ முடிவு கட்டிவிடாதே. நான் சொல்ல வந்தது நேர் எதிர். புதன்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்திருந்தான், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான், நான் சொல்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஜெனிக்கு எப்போது முற்றும், எத்தனை வருஷம் தாங்கும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்கிள், ஃபீவர் வந்தா முதல்ல எங்க கூட்டிட்டுப் போவீங்க? நைட்டுனா அந்த டாக்டரைப் பிடிக்க முடியுங்களா?" என்று கேட்டு, நம்பரைப் போனில் போட்டுக்கொண்டான். அம்மாவிடம் போய், அவள் முகத்துக்கு நேரே நின்று, வாய் அசைவு தெரிகிற மாதிரி நிதானமாக, "தலைவலி வரப் போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஆன்ட்டி? எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அவனுக்கு அப்படிப் பேச யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்து, அதற்கு மேலும் தெரிந்துகொள்ள வந்து உட்கார்ந்திருக்கிற பையனை, ஒன்றும் தெரியாமல் கட்டிக்கொண்ட என்னை வைத்து அளக்காதே. அவன் என்னைவிடப் பெரிய ஆள். அவன் பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. புதன்கிழமை எப்படி இருந்தான் என்று மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

இதை எழுதி முடித்து, உன் அம்மாவிடம் காட்டாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். "மாட்டேன்" என்று எழுதியதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று பயம். ஆனால் அவளை மறைத்து உனக்கு உண்மை எழுதுவது சரியாகப் படவில்லை. கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"இது எனக்கு எப்பவோ தெரியுமே. தெரிஞ்சா ஓடிருவீங்கன்னுதான் கர்த்தர் உங்ககிட்ட சொல்லல. அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டாரு. அவன் நிக்கான்லா?"

அவர்கள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்கள். நீ பத்துக்கே வந்துவிடு.

டாடி